சொறிநாய் என்று விரட்டுமுன்



ஒருவரை இழிவுபடுத்த வேண்டுமாயின் 'சொறிநாய்' என்று ஏசும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அவ்வேச்சின் கொடுமை மனிதரோடு முடிந்துவிடுவதில்லை. குட்டியாக இருந்தபோது பிள்ளைகளின் மடியில் வளர்ந்த நாய், ஓராண்டு ஈராண்டு கழிந்து, தோல் சிவந்து, மயிர் உதிர்ந்து, இரவெல்லாம் சொறியத் தொடங்கியதும் தெருவில் கொண்டுவிடப்படுவதை நாம் காண்கிறோம். "பிள்ளைகள் இருக்கும் வீடு, தொற்றிக்கொள்ளும்" என்பதே சொல்லப்படும் காரணம். அது எப்போதும் உண்மையன்று என்பதையே இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

சொறி எல்லாம் ஒன்றல்ல. கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்பூச்சி தோலைத் துளைத்து உண்டாக்கும் சொறி மற்ற விலங்குகளுக்கும் மனிதருக்கும் பரவக்கூடும். அதற்கும் நல்ல மருந்துகள் உள்ளன. ஒவ்வாமையால் வரும் அரிப்போ எவருக்கும் பரவாது. தீங்கற்ற பொருள் ஒன்றை உடல் பகையாகக் கருதி எதிர்ப்பதே ஒவ்வாமை. தோலைச் சிறிது சுரண்டி நுண்பெருக்கியில் பார்க்கும் மருத்துவரே, எது எதுவென்று பிரித்தறிய வல்லவர்.

நமக்கு ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் தும்முகிறோம், மூக்கு ஒழுகுகிறது. நாய்க்கு அது பெரிதும் தோலிலேயே தோன்றுகிறது. பாதங்களை ஓயாமல் நக்கும். முகத்தைத் தரையில் தேய்க்கும். காதும், அக்குளும், அடிவயிறும் சிவக்கும். பெரும்பாலும் 6 மாதம் முதல் 3 வயதுக்குள் இது தொடங்குவதால்தான், "குட்டியில் நன்றாக இருந்ததே" என்று வியக்கிறோம். புல்பூண்டுகள் பூக்கும் காலத்தில் மகரந்தமும், மழைக்காலத்தில் பூஞ்சையும், வெப்பமும் ஈரமும் கூடும் நாட்களில் பெருகும் தெள்ளுப்பூச்சியும் இதற்குக் காரணங்களாகலாம். ஆண்டுதோறும் எம்மாதத்தில் அரிப்பு மிகுகிறதென்று நாட்காட்டியில் குறித்துவைப்பது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியவையே. வெளியே சென்று வந்ததும் பாதங்களையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, விரலிடுக்குகளை நன்கு உலர்த்துங்கள். நாய்க்கென்றே உள்ள ஷாம்பு கொண்டு, மருத்துவர் கூறும் இடைவெளியில் குளிப்பாட்டுங்கள். நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பு அதன் தோலுக்கு ஏற்றதன்று. தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும், பல நாள் அரிப்புக்கு. அப்பூச்சியின் முட்டைகளும் புழுக்களும் நாயின் மேலன்றித் தரையிலும் படுக்கையிலுமே மிகுதியாகக் கிடக்கின்றன. ஆகவே படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், மூலைமுடுக்குகளைப் பெருக்குவதும், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் ஒருங்கே மருந்திடுவதும் இன்றியமையாதவை.

செய்யத்தகாதவையும் உண்டு. மண்ணெண்ணெயையும் வண்டியின் கழிவு எண்ணெயையும் சொறிமீது பூசுவோர் இன்றும் உளர். அவை புண்பட்ட தோலை எரிப்பதோடு, நாய் நக்கும்போது வயிற்றிலும் சென்று நஞ்சாகின்றன. நமக்கு எழுதித்தந்த மாத்திரைகளைத் தாமாகக் கொடுத்தலும் ஆபத்தே. பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிர்க்கு உலையாகலாம். நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்தும் பூனைக்குக் கொடிய நஞ்சு.

இந்நோய் பெரும்பாலும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆயுள் முழுதும் அடக்கிவைக்க வேண்டியதே என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம். ஸ்டீராய்டு மருந்து விரைவில் அரிப்பைத் தணிக்கும். நெடுநாள் கொடுத்தால் வேறு தீங்குகள் விளையும். அரிப்பைக் கட்டுப்படுத்தும் ஓக்லாசிடினிப் என்னும் மாத்திரை 2013 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தகைய புதிய மருந்துகளுக்குச் செலவு மிகுதி. வசதி குறைந்தோர் அதனால் மனந்தளர வேண்டுவதில்லை. அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையை நாடலாம்; துடைத்தலும், குளிப்பாட்டலும், பூச்சி ஒழித்தலும் முறையாக நடந்தாலே பல நாய்களின் துன்பம் பெரிதும் குறைகிறது.

நள்ளிரவில் நாய் சொறியும் ஓசை கேட்டு, "சும்மா கிட" என்று அதட்டுகிறோம். வாயில்லாச் சீவன் தன் நோயை அறிவிக்க அதற்கு வேறு வழியில்லை. வாசலுக்கு வெளியே விரட்டுமுன், ஒருமுறையேனும் அதனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.