143 வருஷம் கழித்து, திருக்கோவிலூர் பக்கத்தில் கிடைத்த பதில்!

திண்டிவனம் பக்கம் ஏதோ ஒரு ஏரிக்கரையில் பழைய கற்சிலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பருத்த வயிறோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு ஓர் உருவம், இன்னொரு பக்கம் ஓர் இளம்பெண், மேலே காக்கைக் கொடி. அந்த வழியாகப் போன ஒருவர் அதைப் படம் எடுத்து, பழமை ஆர்வலர்களின் ஃபேஸ்புக் குழுவில் 'இது எந்த சாமி?' என்று கேட்கிறார். நாலு பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டதோடு சரி. மூன்று வருஷம் ஓடிவிடுகிறது.

இப்போது அதைப் பார்க்கும் உங்களுக்குப் பதில் தெரியும். அது தவ்வை. மூத்த தேவி என்றும் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவளுடைய பிள்ளைகள் மாந்தனும் மாந்தியும். பல்லவர் காலத்தில் பெரிதாகக் கும்பிடப்பட்ட தெய்வம். ஆனால் டைப் செய்யப் போன விரல் நின்றுவிடுகிறது. 'மூணு வருஷம் ஆச்சே, இப்போ போய் பதில் போட்டா சிரிப்பாங்களோ?'

தோட்டம், தபால்தலை, பழைய காசு, ரேடியோ, பறவை என்று எந்தப் பொழுதுபோக்குக் குழுவிலும் இந்தத் தயக்கம் உண்டு. 'செத்த பாம்பை எதுக்கு அடிக்கிறீங்க?' என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கான பதில் திருக்கோவிலூர் பக்கத்தில் ஒரு பாறையில் இருக்கிறது.

ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர், கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் தரம் பார்க்கும் அதிகாரி. பழைய காசுகளும் கல்வெட்டுகளும் அவருக்கு வேலை நேரம் போக இருந்த ஆர்வம். 1837-ல் பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் குஜராத்தின் கிர்நார் பாறையில் இருக்கும் கல்வெட்டுகளைப் படித்து, ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

அதில் ஒன்று, மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்கிறது. எல்லைக்கு அப்பால் எந்தெந்த நாடுகளில் செய்தார்கள் என்ற பட்டியலும் உண்டு. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோர் யார் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் அவர்களோடு 'சதியபுதோ' என்று இன்னொரு பெயரும் இருந்தது. அது யார்?

கேள்வி அங்கேயே நின்றது. அடுத்த நூறு வருஷத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். சத்தியமங்கலம் பக்கம் என்றார் ஒருவர். காஞ்சிபுரம் என்றார் இன்னொருவர். கோசர்கள் என்றும், மராட்டியத்தின் சத்புதே குலம் என்றும் யூகங்கள் வந்தன. சிலர் தகடூரை ஆண்ட அதியமான் மரபைக் காட்டினார்கள். 'மான்' என்பது மகன் என்ற சொல்லின் சுருக்கம். சேரமான் என்பவரை வடக்கே கேரளபுத்திரர் என்றது போல, அதியமான் என்பவரைச் சதியபுத்திரர் என்று சொல்லியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் ஆதாரம் இல்லை.

1981-ல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் கல்வெட்டியல் மாணவர் ஒருவர், திருக்கோவிலூர் அருகே ஜம்பை கிராமத்துக் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டைக் கண்டார். அன்றைக்கு அது தென்னார்க்காடு மாவட்டம். 1993-லிருந்து விழுப்புரம். 2019-க்குப் பிறகு கள்ளக்குறிச்சி. அப்போது துறையின் இயக்குநராக இருந்த இரா.நாகசாமி அதை உலகுக்கு அறிவித்தார். ஒரே ஒரு வரிதான்: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.'

சதியபுதோவான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம் என்று பொருள். அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவராக நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே பெயர். கல்வெட்டின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். அசோகர் அதற்கு முந்நூறு வருஷம் முந்தியவர். ஆக, அசோகருக்குத் தெரிந்த அதியன் இந்த அஞ்சி அல்ல, அவருடைய முன்னோர். அந்தப் பட்டம் மட்டும் குலத்தில் தொடர்ந்து வந்திருக்கிறது.

கேள்வி 1838-ல், பதில் 1981-ல். நடுவே 143 வருஷம்! 'பழைய கேள்வி, விடுங்க' என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு கதையும் உண்டு. அந்தக் கல்வெட்டுகளில் 'தேவனாம்பிய பியதசி' என்றுதான் இருந்தது. அது எந்த ராஜா என்று பிரின்செப்புக்கே குழப்பம். இலங்கையில் அரசு வேலையில் இருந்தபடி பாலி மொழி படித்த ஜார்ஜ் டர்னர், 1837-ல் பழைய இலங்கை நூல்களைக் காட்டி, 'அது அசோகர்' என்று எழுதினார். கல்லிலேயே அசோகர் என்ற பெயர் கிடைத்தது 1915-ல், கர்நாடகத்தின் மஸ்கியில். கண்டுபிடித்தவர் பீடன் என்ற தங்கச் சுரங்கப் பொறியாளர். ஒருவர் நாணயச் சாலைக்காரர், ஒருவர் அரசு அதிகாரி, ஒருவர் சுரங்கக்காரர். கல்வெட்டு இவர்கள் யாருக்கும் பிழைப்பு அல்ல.

அதற்காக எல்லாப் பழைய பேச்சையும் கிளறலாமா? கூடாது. ஜம்பைக் கல்வெட்டு மதிக்கப்படுவது அது தாமதமாக வந்ததால் அல்ல, புதிய ஆதாரத்தோடு வந்ததால். 'எனக்கும் இதே சந்தேகம்', 'சூப்பர்' என்று மூன்று வருஷம் கழித்துப் போடுவதில் யாருக்கும் லாபம் இல்லை. எப்போதோ விற்றுப்போன தையல் மெஷினுக்கு 'இன்னும் இருக்கா?' என்று கேட்பதும், ஆறிப்போன சண்டைக்கு மறுபடி தீ மூட்டுவதும் வேண்டாத வேலை.

சொல்லப் புதிதாக ஒன்று இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். முதலில் பழைய கேள்வியை இரண்டு வரியில் நினைவூட்டுங்கள், படிப்பவர் மேலே தேடி அலைய வேண்டாம். எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னால் தப்பாகச் சொன்னவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். சரியாக யூகித்தவர் இருந்தால் அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஜம்பை கிடைத்தபோது, அதியமான் என்று முன்பே சொன்னவர்களுக்கும் பெருமை போய்ச் சேர்ந்தது.

கேட்டவரிடமிருந்து நன்றியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர் குழுவை விட்டே போயிருக்கலாம். பிரின்செப் 1840-ல், நாற்பதே வயதில் இறந்துவிட்டார். சதியபுதோ யார் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. ஆனால் அந்தப் பதில் இன்றைக்குக் கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. கேள்வி கேட்டவர் ஒருவர்தான். அதே கேள்வியோடு நாளைக்கு வரப்போகிறவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றும் இருக்கிறது. பல கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்தப் புழுவுக்கு என்ன மருந்து, அந்தக் கோலத்துக்கு எத்தனை புள்ளி, அந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயர் என்று பாட்டிக்குத் தெரியும். அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்காது. உங்களிடம் இருக்கிறது. பதில் சொல்லாமல் கிடக்கும் ஒரு பழைய கேள்வியை இன்று அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கேள்வி இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். பாட்டியால் முடியாதே!