பயிற்சி வீடியோ: இணைப்பதா, ஏற்றுவதா?

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வாழைச் சாகுபடிக்கு இணையவழிப் பயிற்சி தொடங்குகிறோம். 40 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வீடியோக்களை யூடியூபில் போட்டு, பயிற்சிப் பக்கத்தில் இணைப்பு கொடுப்பது நல்லதா? அல்லது வீடியோவையே பக்கத்தில் ஏற்றிவிடலாமா? தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதில்லை என்று பலரும் சொல்கிறார்கள்.
- வாசகி, முசிறி, திருச்சி மாவட்டம்

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டும். எந்தப் பாடத்துக்கு எது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இணைப்பது என்பது ஊர்ப் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிப்பது போல. வீடியோ யூடியூபில் இருக்கும். உங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு திறப்பு மட்டும் இருக்கும். ஏற்றுவது என்பது வீட்டிலேயே தொட்டி கட்டி நிரப்பி வைப்பது போல. செலவும் பொறுப்பும் உங்களுடையது.

முதலில் அளவைப் பார்ப்போம். செல்போனில் முழு ஹெச்.டி. தரத்தில் 10 நிமிடம் எடுத்தால் ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகிவிடும். அதை அப்படியே ஏற்றினால், 40 பேரும் பார்க்கும்போது 40 ஜி.பி. செலவாகும். சிக்னல் குறைந்த இடத்தில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். யூடியூப் ஒரே வீடியோவைப் பல தரங்களில் வைத்திருந்து, சிக்னலுக்குத் தக்கபடி குறைத்தோ கூட்டியோ கொடுக்கும். ஆனால் சிக்னலே இல்லாத தோட்டத்தில் அதனால் பயனில்லை. ஏற்றிய கோப்பாக இருந்தால், மூடுல் போன்ற பயிற்சித் தளங்களின் செயலியில், ஊருக்குள் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டு வரப்பில் நின்று பார்க்கலாம்.

இவ்வளவுதான் என்றால் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அளவைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: வீடியோவில் சொல்வது நாளைக்கு மாறுமா, மாறாதா?

வாழையில் போரேட் குருணை போடச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. மத்திய அரசின் 2018-ம் ஆண்டு ஆணைப்படி போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் உள்ளிட்ட மருந்துகள் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டன. தடைக்கு முன்பு எடுத்த வீடியோ இன்றும் யாராவது ஒருவர் கைப்பேசியில் இருந்தால், அது அதே மருந்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். கோப்பு ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்ப வாங்க வழியில்லை. வாட்ஸ்அப்பில் குழு குழுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அதை நம்பி மருந்து தேடுபவர் நம் உறுப்பினராகவே இருக்கலாம். இணைத்த வீடியோ என்றால், யூடியூபில் ஓரிடத்தில் நீக்கினால் போதும். 40 பேருக்கும் நின்றுவிடும். புதிதாக எடுத்ததைப் போட்டு, பக்கத்தில் இணைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கைவேலைப் பாடங்களை ஏற்றுங்கள். ஈட்டி இலைக் கன்று தேர்வு, கிழங்கு சீவுதல், பக்கக் கன்று நீக்குதல், தார் விட்டபின் ஆண் பூவை ஒடித்தல் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஒவ்வொன்றையும் 3 நிமிடத் துண்டாக எடுத்து, 480 பி தரத்துக்குச் சுருக்கி ஏற்றினால் 30 எம்.பி.க்குள் அடக்கலாம்.

மருந்து, மானியம், காப்பீட்டுக் கடைசித் தேதி போன்ற பாடங்களை இணைப்பாகவே கொடுங்கள். யூடியூபில் ஏற்றும்போது 'பட்டியலிடப்படாதது' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தேடலில் வராது. ஆனால் இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம். அதைப் பூட்டு என்று நினைக்க வேண்டாம்.

மற்றவர்கள் எடுத்த வீடியோவை இறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்றாதீர்கள். எடுத்தவரின் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது முறையல்ல. இணைப்பு கொடுக்கலாம். ஆனால் அவர் எந்த நாளும் அதை நீக்கிவிடலாம் என்பதால், மாதம் ஒருமுறை எல்லா இணைப்பையும் திறந்து பாருங்கள். வீடியோ முடிந்ததும் வேறு வீடியோக்கள் வரிசை கட்டும். நடுவில் விளம்பரமும் வரலாம். 'பாடம் இதோடு முடிந்தது, அடுத்து வருவது நம் பயிற்சி அல்ல' என்று முதல் வகுப்பிலேயே உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. மருந்தின் பெயரையும் அளவையும் வீடியோவில் பேசவே வேண்டாம். எப்படித் தெளிப்பது, கையுறை, முகக்கவசம் எப்படி அணிவது என்பதை மட்டும் வீடியோவில் காட்டுங்கள். மருந்து, அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி நாட்கள் ஆகியவற்றை வீடியோவுக்குக் கீழே எழுத்தாக, தேதியோடு போடுங்கள். மாற்றம் வந்தால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். வீடியோவை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் எடுத்த மாதமும் ஆண்டும் தெரியட்டும்.

எழுதும் முன் பரிந்துரையை உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் ஒருமுறை சரிபாருங்கள். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழிலேயே கேட்கலாம்.