இரும்புக்குள்ள நியாயம்

திருச்சியில் கணினி படிக்கும் தோழர்களே! பல சர்வர்களை ஒரே கொத்தாகப் பூட்டி, ஒன்றுக்கு எஜமான், மற்றவற்றுக்கு அடிமை என்று மேல்நாட்டார் பேர் வைத்தார்கள். அது தகாதென்று கண்டு, மைஎஸ்கியூஎல் நிரலை நடத்துவோர் 2020-ல் மூலம், நகல் என்று பொருள்படும் பேர்களுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். நாம் மட்டும் அதைத் தமிழில் ‘ஆண்டான், அடிமை’ என்று எழுதுவதா?

இயந்திரத்தின் யோக்கியதையைப் பாருங்கள்! மூலம் பழுதானால் நகல் அவ்விடத்துக்கு ஏறுகிறது. கெட்ட வட்டைக் கழற்றி, சர்வர் ஓடும்போதே புது வட்டைச் செருகுகிறார்கள். கோத்திரம் கேட்பாரில்லை.

ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் 2023-ல் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். பூசையில் நமக்கு நம்பிக்கையில்லை. பிறவி இழிவு ஒழியவே கேட்கின்றோம்: தேறியவர் கருவறைக்குள் போக ஆகமம் குறுக்கே நிற்கலாமா? இரும்புக்குள்ள நியாயம் மனிதருக்கு இல்லையா?