படியரிசியும் குடியுரிமையும்

ஓர் ஊரில் வெள்ளம் புகுந்தால், மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, வந்து ஒதுங்கியவர்க்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது தமிழர்க்குப் பழக்கமான அறம். வெள்ளம் வடியும்வரை அஃது அறமே. ஆனால், ஒதுங்கியவர்கள் அப்பள்ளிக்கூடத் திண்ணையிலேயே நாற்பதாண்டு கிடந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அப்பிள்ளைகளும் பிள்ளை பெற்ற பின்னரும், திங்கள்தோறும் அவர்களை வரிசையில் நிறுத்திக் கஞ்சியே ஊற்றிக் கொண்டிருந்தால், அதனையும் அறம் என்று சொல்ல நாக் கூசும். ஈழத்தினின்று கடல் கடந்து தமிழகக் கரையேறிய உடன்பிறப்புகள்பால் நடந்து வருவது இதுவே.

1983 சூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்தம் கடைகளும் இல்லங்களும் எரிந்தபோது தொடங்கிய அவ்வருகை, போரின் போக்கிற்கேற்ப நான்கு அலைகளாக நிகழ்ந்தது. 2012 வரை வந்தோர் 3,04,269 பேர் என்று நடுவணரசின் உள்துறை கணக்கெழுதி வைத்துள்ளது. அவர்களுள் 99,469 பேர் 1995 மார்ச்சுக்குள் திருப்பி அனுப்பப்பட்டனர். அதற்குப் பின் அரசு முன்னின்று நடத்திய திரும்புகை இல்லை. தாமே திரும்பியோரும் பிற நாடுகட்குப் போனோரும் நீங்க, 2021இல் தமிழகத்தின் 108 முகாம்களில் 58,822 பேர் வாழ்ந்தனர். முகாமுக்கு வெளியே காவல்நிலையத்திற் பதிந்துகொண்டு வாழ்ந்தோர் 34,087 பேர். இவர்களுள் பலர், ஈழத்தைக் கண்ணாற் கண்டறியாத இளந்தலைமுறை என்பதை எந்த ஏடும் பெரிதாக எழுதுவதில்லை.

இவர்கட்கு அரசு தருவது என்ன? 2021இல் உயர்த்தப்பட்ட அளவின்படி, குடும்பத் தலைவருக்குத் திங்களுக்கு 1,500 உருபா, பிற பெரியவர்க்கு 1,000, சிறுவர்க்கு 500. அரிசியும் உண்டு. கணவன், மனைவி, மக்கள் இருவர் என நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 3,500 உருபா ஆகின்றது. நாளொன்றுக்குத் தலைக்கு முப்பது உருபாவும் முழுமையாக வாராது. இத்தொகை சிறிது என்று குறை கூறுவது இங்கு நோக்கமன்று. உயர்த்தப்படுமுன் இருந்த 1,000, 750, 400 என்னும் அளவை நோக்க, உயர்த்திய கை பாராட்டத்தக்கதே. கேட்கவேண்டிய கேள்வி வேறு. இத்தொகையை இரட்டித்துக் கொடுத்தாலும், மும்மடங்காக்கிக் கொடுத்தாலும், வாங்குபவன் வரிசையில் நிற்பவனாகத்தானே இருப்பான்?

அவ்வரிசையின் இயல்பைச் சற்றே பார்த்தல் தகும். கொடுப்பனவு பெற வேண்டுமாயின், குறித்த நாளில் வருவாய்த்துறை அலுவலர்முன் தலைக்கணக்கிற்கு நேரில் நிற்க வேண்டும். வெளியூரில் வேலை செய்பவன் அந்நாளில் வேலையை விட்டு ஓடிவர வேண்டும். வாராதவன் பெயர் ஏட்டில் அடிபடும். அடிபட்ட பெயரை மீண்டும் ஏற்றுவது எளிதன்று. ஆகவே, ஆண்மக்கள் பெரும்பாலும் முகாமைச் சுற்றிய ஊர்களில் கிடைக்கும் நாட்கூலி வேலையோடு நின்றுவிடுகின்றனர். தமிழகத்துச் சுவர்களுக்கு வண்ணம் பூசுவோருள் ஈழத்து இளைஞர் மிகப் பலர் என்பது முகாம்களை அறிந்தார் அனைவரும் அறிந்தது. அவர்களுள் பட்டம் பெற்றோரும் உளர். பொறியியல் கற்றோரும் உளர். கல்லூரிவரை தமிழகம் கதவு திறந்துவிட்டது; கல்லூரி வாயிலைக் கடந்து வெளியே வந்தவுடன், குடியுரிமைச் சான்று எங்கே, கடவுச்சீட்டு எங்கே என்னும் கேள்வி குறுக்கே நிற்கின்றது. கற்பித்துவிட்டுக் கற்றதற்குரிய வேலையை மறுப்பது, நீந்தக் கற்பித்துவிட்டுக் குளத்திற்கு வேலியிடுவது போன்றது.

2021இல் இம்முகாம்களின் பெயரினின்று ‘அகதிகள்’ என்னும் சொல்லை நீக்கி, ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என அரசு மாற்றியது. அகதி என்பது வடசொல். போக்கிடம் அற்றவன் என்று பொருள்படுவது. அச்சொல் நீங்கியதில் தமிழன்பர்க்கு மகிழ்ச்சியே. ஏதிலியர் என்னும் நல்ல தமிழ்ச்சொல்லும் அயலார் என்னும் பொருளை உட்கொண்டிருத்தலான், தமிழ்மண்ணில் தமிழனைச் சுட்ட அதுவும் முழுதும் பொருந்தாது. ஆனால், ‘முகாம்’ என்னும் சொல் அப்படியே நின்றுவிட்டது. அயற்சொல் என்பதற்காக மட்டும் இதனைக் குறிப்பிடவில்லை. தற்காலிகமாகத் தங்கி அகலும் இடத்திற்கே அப்பெயர் உரியது. ‘மறுவாழ்வு’ என்பது நிலைபெறுதல்; ‘முகாம்’ என்பது நிலையாமை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பதே இச்சிக்கலின் வடிவம்.

பலகையோடு நில்லாமல் வீடுகளையும் அரசு கட்டத் தொடங்கியமையை மறைத்தல் நேர்மையாகாது. பத்தடிக்குப் பத்தடிச் சதுக்கத்தில், தகரமும் தார்த்தாளும் மூடிய கூரையின்கீழ், ஒரு தலைமுறை முழுதும் ஆக்கியுண்டு, படித்து, திருமணஞ்செய்து, நோயுற்று வாழ்ந்தது. அவற்றிற்கு மாற்றாக 7,469 வீடுகள் கட்டப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2023 செபுதம்பரில் வேலூரை அடுத்த மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. காற்றும் வெளிச்சமும் உள்ள வீட்டில் ஒரு தாய் அடுப்பு மூட்டுவது சிறிய செய்தியன்று. எனினும், அவ்வீட்டின்மேல் அவளுக்குள்ள உரிமை என்ன? அதற்கு அவள் பெயரில் பட்டா இல்லை. அதனை ஈடுகாட்டி வங்கியில் கடன் பெற இயலாது. இலங்கைக் குடிமகன் என்று எண்ணப்படுபவன், நடுவண் சேமவங்கியின் முன்னிசைவின்றி இந்நாட்டில் நிலமோ மனையோ வாங்கவும் சட்டம் இடந்தாராது. கூரை மாறியது, கூரையின்கீழ் இருப்பவர் நிலை மாறவில்லை.

இந்நிலை வேறெவர்க்கும் இல்லாத புதுமையோ எனின், அன்று. இதே இந்திய ஒன்றியம், இதே சட்டப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, வேறொரு மக்கட்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டதை அருகிலுள்ள கருநாடகத்திற் காணலாம். 1959இல் தலாய் இலாமாவுடன் திபேத்தியர் வந்தனர். இரண்டே ஆண்டுகளில், 1961இல், மைசூர் நாட்டின் பைலகுப்பையில் ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் நிலம் குத்தகையாக ஒதுக்கப்பட்டது. பனிமலையினின்று வந்தவர்கள், பழகாத வெப்பத்தில் காடு வெட்டிக் கழனியாக்கிச் சோளம் விதைத்தனர். கூட்டுறவு மன்றம் அமைத்தனர், கறவை வளர்த்தனர், கம்பளம் நெய்தனர், குளிர்காலத்தில் நாடெங்குஞ் சென்று கம்பளிச் சட்டை விற்றனர். அவர்கட்குத் தனிப் பள்ளிகள் அமைந்தன. தம் மொழியிற் கற்றனர். 1966இல் முண்டுகோட்டிலும் குடியிருப்பு எழுந்தது. வெளிநாடு செல்ல அடையாளச் சான்றும் வழங்கப்பட்டு வருகின்றது. 2014இல் அவர்தம் மறுவாழ்வுக்கென்றே நடுவணரசு ஒரு கொள்கையை வெளியிட்டது.

திபேத்தியர்க்குச் செய்தது மிகை என்று இங்குச் சொல்லப்படவில்லை. அது செய்யத்தக்கது, நன்கு செய்யப்பட்டது. ஏதிலியர் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆகவே கைகள் கட்டுண்டுள்ளன என்று சொல்வாருக்குப் பைலகுப்பையே மறுமொழி. கையொப்பமில்லாமலேயே அங்கு அது நடந்தது. மனம் இருந்தது, வழி பிறந்தது. ஈழத்தமிழர்க்கு 1983இல் அம்மனம் அமையாமைக்கு, ‘ஓரிரு ஆண்டில் திரும்பிவிடுவர்’ என்னும் எதிர்பார்ப்பு ஒரு கரணியம். 1991 மேயில் திருப்பெரும்பூதூரில் இராசீவ்காந்தி கொல்லப்பட்ட பின்னர் எழுந்த ஐயக்கண் மற்றொன்று. குற்றத்தில் தொடர்பில்லாத கைக்குழந்தையும் கிழவியும் அதன்பின் கியூ பிரிவுக் காவலரின் ஏட்டில் ஐயத்திற்குரியோர் ஆயினர்.

இனி, இவ்விதழ் போன்றவற்றைப் படிக்குந் தமிழன்பர் சிலரிடமிருந்தே எழும் ஒரு தடையை மறைக்காமல் எடுத்துப் பேசவேண்டும். “ஈழத்தமிழரை இங்கேயே நிலைபெறச் செய்துவிட்டால், ஈழத்தில் தமிழர் தொகை குறையும், அவர்தம் நிலங்களை அயலார் கவர்வர், நடந்த கொடுமைக்கு உயிர்ச்சான்றாய் நிற்பவர்கள் மறைந்துவிடுவர், ஆகவே அவர்கள் திரும்பும் நாள்வரை முகாமிலேயே இருத்தல் வேண்டும்” என்பது அத்தடை. உள்ளத்துணர்வில் இது தூயது. ஆனால், இதன் செலவை யார் தருகின்றார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேடையில் ஈழம் பேசிவிட்டுத் தம் வீட்டிற்குத் திரும்பி, தம் பெயரிலுள்ள பட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு உறங்குபவர், மற்றொருவன் நாற்பதாண்டு தகரக் கொட்டகையில் சான்றாக நிற்கவேண்டும் என்று கேட்பது எந்த நயன்மையைச் சாரும்? மாந்தனைச் சான்றாவணமாகப் பெட்டியில் வைத்துக் காக்க இயலாது.

நிலைபெற்றால் திரும்பும் உரிமை அழியும் என்பதும் மெய்யன்று. பைலகுப்பையில் அறுபதாண்டு உழுதுண்ட திபேத்தியர், திபேத்து எமதன்று என்று ஒருநாளும் எழுதிக் கொடுத்தாரிலர். மாறாக, வயிறு நிறைந்து, பிள்ளைகள் கற்று, கையிற் காசிருந்தமையாலேயே அவர்தம் குரல் உலக அவைகளில் ஒலித்தது. அரிசிக்கு வரிசையில் நிற்பவன் குரலை யார் செவிமடுப்பார்? திரும்புதலும் ஆற்றலுடையவர்க்கே கைகூடும். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் படையினர் கைக்கொண்ட காணிகளுள் ஒரு பகுதி 2015க்குப் பின் விடுவிக்கப்பட்டது, எல்லாம் விடுவிக்கப்படவில்லை. திரும்பிச் சென்று, இடிந்த வீட்டை எடுத்துக்கட்டி, காணிக்கு வழக்காடி, கிணறு இறைத்து, முதற் பயிர் எடுக்கும்வரை உயிர்வாழப் பணம் வேண்டும்; கைத்தொழில் வேண்டும். முகாம் வாழ்க்கை இவ்விரண்டையும் தருவதன்று. தற்சார்புடைய குடியிருப்பு, போக விரும்புவார்க்குத் தோணி. இருக்க விரும்புவார்க்கு வீடு. செல்வதா இருப்பதா என்பதை அக்குடும்பமே முடிவுசெய்தல் வேண்டும்.

தந்தை செல்வாவின் மகனார் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இவ்வுண்மையை முன்பே உணர்ந்து, முகாம்களில் பெண்களைத் தன்னுதவிக் குழுக்களாக இணைத்தும், சுருள்பாசி வளர்க்கக் கற்பித்தும், இளைஞரைக் கல்வியிற் செலுத்தியும் வந்தது. தனியொரு கழகம் செய்யத்தக்கது அவ்வளவே. நிலமும் சட்டமும் அரசின் கையில் உள்ளன.

தற்சார்பு என்னும் சொல்லுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1964இல் சிரிமாவும் சாத்திரியும் மலையகத் தமிழரைக் கேளாமலே செய்துகொண்ட உடன்படிக்கையால், ஐந்தேகால் இலக்கம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தோர்க்கென நீலமலையில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டு, பின்னர்த் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. வேலை கிடைத்தது, லயத்தில் வீடும் கிடைத்தது. ஆனால், வேலை உள்ளவரைதான் வீடு. ஓய்வு பெற்ற தொழிலாளி வீட்டைக் காலிசெய்ய வேண்டும். தோட்டம் நட்டமுற்று, 2022இல் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடமே திருப்பி ஒப்படைக்க முடிவெடுத்தபோது, முப்பது நாற்பதாண்டு கொழுந்து பறித்த கைகள் மீண்டும் வெறுங்கைகளாய் நின்றன. இலங்கைத் தோட்டத்தில் பட்ட பாட்டை இந்தியத் தோட்டத்தில் தொடர்ந்ததற்குக் குடியேற்றம் என்று பெயர். வீட்டை வேலையோடு கட்டிப்போடும் எந்தத் திட்டமும் மறுவாழ்வு ஆகாது. மனை தனியே அவர்க்குரியதாதல் வேண்டும்.

அதுபோன்றே, ‘தற்சார்பு’ என்று சொல்லிக்கொண்டு கொடுப்பனவை ஒரே நாளில் நிறுத்துவதும் கொடுமை. முதியோர்க்கும் கைம்பெண்டிர்க்கும் உடல்நலிந்தார்க்கும் அது தொடர்தல் வேண்டும். ஏனையோர்க்கு, தொழில் வேரூன்றிய பின்னரே படிப்படியாகக் குறைதல் வேண்டும். உள்ளூர் ஏழைக்கு இல்லாத நிலத்தை வெளியார்க்குக் கொடுப்பதா என்பாரும் உளர். ஆயிரக்கணக்கான ஏக்கரை எவரும் கேட்கவில்லை. இப்போது குடியிருக்கும் புறம்போக்கு நிலத்தில் மனையுரிமை, வேலைக்குச் செல்லத் தடையின்மை, வங்கிக் கடன், முகாமுக்கெனத் தனியே அன்றி ஊராட்சியோடு இணைந்த தெருவும் குடிநீரும், இவையே வேண்டப்படுபவை. உள்ளூர் ஏழைக்கும் அதே தெருவில் வீடு கட்டிக் கொடுத்தால் பூசல் எழ இடமேயில்லை.

முடிச்சு கிடப்பது தில்லியில். 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம், உரிய தாளின்றி வந்த எவரையும் ‘சட்டப்புறம்பாய்க் குடியேறியவர்’ என முத்திரை குத்திக் குடியுரிமை வேண்டும் வழியை அடைத்தது. குண்டு விழும் ஊரினின்று ஓடிவருபவன் கடவுச்சீட்டில் முத்திரை பெற்றா வருவான்? 2019இன் திருத்தம், பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டினின்று வந்த முசுலீம் அல்லாதார்க்கு அவ்வழியைத் திறந்தது, இலங்கையை விட்டுவிட்டது. ஈழத்தமிழருள் பெரும்பாலார் சைவர் என்பதும் அங்கு எடுபடவில்லை. அதே 2019 சூனில், முகாம் வாழ் மலையகத் தமிழர் அறுபத்தைவர் தொடுத்த வழக்கில், அவர்தம் வேண்டுகையை ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று சென்னை உயர் முறைமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. 2025 செபுதம்பரில் நடுவணரசு ஓர் ஆணை பிறப்பித்து, 2015 சனவரி 9க்கு முன்வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் இன்மைக்காகத் தண்டனை இல்லை என்றது. தலைக்குமேல் தொங்கிய வாள் அகன்றது. காலின்கீழ் நிலம் இன்னும் வரவில்லை.

புதுச்சட்டம் வரும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்த எவரும், பெற்றோர் யாராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் என்பது இருக்கும் சட்டமே. அவ்வாறு முகாமிற் பிறந்த ஒருவர், முறைமன்றஞ் சென்று கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார். அவர்போன்று 1983க்கும் 1987க்கும் இடையிற் பிறந்தோர் முகாம்களில் உளர். தாம் குடிமக்கள் என்பதனை அறியாமலே, தலைக்கணக்கு நாளில் வரிசையில் நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காட வேண்டுவதில்லை. மாவட்ட ஆட்சியர்கள் முகாம்ப் பதிவேட்டையும் பிறப்புச் சான்றையும் ஒப்புநோக்கி, அவர்தம் பெயர்ப்பட்டியை எடுக்க ஒரு திங்கள் போதும். அவர்களுள் ஒருவர் குடிமகன் எனத் தெளிந்தால், 2004 திசம்பருக்கு முன் அவர்க்குப் பிறந்த மக்கள்நிலையும் உடன் தெளிவாகும்.