தராசு காட்டாத பயன்

உடல் நிறையைக் குறைக்கப் புகுந்தோர் முதலிரு வாரங்களிற் பெறும் மகிழ்ச்சி, மூன்றாம் மாதத்திற் சோர்வாக மாறுதல் கண்கூடு. தொடக்கத்தில் விரைந்து குறைவதிற் பெரும்பங்கு கொழுப்பன்று, நீரே. ஈரலிலும் தசையிலும் சேமித்துள்ள கிளைக்கோசன் எனும் மாச்சத்துச் செலவாகுங்கால், அதனோடு பிணைந்த நீரும் நீங்குகின்றது. பின்னர் உடல் இலேசாக ஆக, அது செலவிடும் சக்தியும் குறைகின்றது. ஆதலின் வேகம் தணிதல் இயற்கையே. "இன்னும் மெலியவில்லையே" என்னும் அயலவர் வாய்க்குத் தராசு ஏது?

நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. அவருள் ஒரு பிரிவினர்க்கு இட்ட இலக்கு, உணவைச் சுருக்கி, வாரம் 150 நிமிடம் நடந்து, நிறையில் 7 வீதம் குறைப்பதே. ஏறக்குறைய மூன்றாண்டில், இம்முயற்சியில் ஈடுபடாத பிரிவினரை நோக்க, இவர்களிடையே நீரிழிவு 58 வீதம் குறைவாகவே தோன்றியது. 80 கிலோ நிறையுடையார்க்கு 7 வீதமென்பது ஆறு கிலோவுக்கும் உட்பட்டதே! கண்ணாடி முன் அது தெரியாமலும் போகலாம், குருதி அறியும்.

நாடோறும் தராசிலேறி மனம் வாடற்க. வாரம் ஒருநாள், காலையுணவுக்கு முன் நிறுத்துக் குறித்துக்கொள்க. விருந்துக்கு மறுநாள் ஏறிநிற்கும் ஒரு கிலோவைக் கண்டு குறிப்பேட்டை மூடிவிடவேண்டா. அதுவும் பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த நீரே.