கடனுக்கு மட்டுந்தானா கூட்டு?

கூட்டுறவு என்றதும் கைதட்டுவோர் உண்டு. தட்டட்டும்! நாம் கேட்பது இதுதான்: எதிலே கூட்டு? எவருக்கு உறவு?

1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன், தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் அரும்பியது நமது தருமபுரி மாவட்டத்திலேதான். பெண்ணாவது, வங்கிப் படியேறுவதாவது என்று ஏளனம் பேசிய மீசைகள் வாயடைத்தன. பெருமைதான், மறுப்பாரில்லை.

ஆனால், குழு என்னும் பெயரை நுண்கடன் நிறுவனங்களும் கற்றுக்கொண்டன! காரிமங்கலத்துச் சிற்றூர்களிலே தவணை நாளன்று பெண்கள் அனைவரும் ஒருவரே. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர் கட்டியாக வேண்டும். மறுநாள் விடிந்தாலோ, ஒருத்தி தக்காளி பறிக்கும் கூலி; இன்னொருத்தி பெங்களூரிலே கல் சுமக்கும் கூலி. கடனிலே கூட்டு, உழைப்பிலே தனி! தக்காளி விலை வீழ்ந்தால் தலையெழுத்து என்கிறார்கள். எழுதியவன் பிரமன் அல்லன் தோழர்களே, மண்டியிலே சிட்டை எழுதுகிறவன்!

கேரளத்து ஊராளுங்கலைப் பாருங்கள். வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக வேலை மறுக்கப்பட்ட கூலிகள், 1925இல், தாங்களே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். முதலில் 14 பேர். கையிலே காசில்லை. இன்று அச்சங்கம் சாலையும் பாலமும் கட்டுகிறது. கட்டுகிறவர்களே அதன் உரிமையாளர்கள்.

காரிமங்கலத்துப் பெண்ணுக்கு மட்டும் அது ஆகாதா? வாரந்தோறும் கணக்கெழுதப் பழகிய கை, கூடை எண்ணிக் கூட்டாக விற்கத் தயங்குமா? அடுத்த குழுக் கூட்டத்திலே தவணைப் பேரேட்டைச் சற்றே மூடிவைத்து, விளைச்சலை எவர் பெயரில், எங்கே, என்ன விலைக்கு விற்பது என்று பேசட்டும். மண்டிக்காரர் முகம் எப்படி மாறுகிறதென்று நாமும் பார்க்கிறோம்!