முத்துப்பார் டு பிஎச்.டி.!

"ஃபாரின் போய் படிக்க எவ்வளவு ஆகும்?"

ஃபைனல் இயர் ஆரம்பிச்சதும் கேன்டீன்ல கேட்கிற முதல் கேள்வி இதுதான் மக்கா. (தூத்துக்குடி ஸ்பெஷல்ங்கிறதால இந்த வாரம் நீங்க ஃப்ரெண்ட்ஸ் இல்லை, மக்கா!) ஒருத்தன் முப்பது லட்சம்பான். இன்னொருத்தன் நாற்பதுன்னு ஏலத்தை ஏத்துவான். அதோட டீயும் ஆறிடும், ஆசையும் ஆறிடும்.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்க. "நான் வந்து ஆராய்ச்சி பண்ணினா எவ்வளவு தருவீங்க?" இப்படிக் கேட்கிறது திமிர் இல்லை. சயின்ஸ், இன்ஜினீயரிங்ல வெளிநாட்டு பிஎச்.டி.ங்கிறது பெரும்பாலும் சம்பளத்தோட வர்ற வேலை. ஃபீஸ் கட்டிப் படிக்கிற மாஸ்டர்ஸும், காசு வாங்கிக்கிட்டுப் பண்ற பிஎச்.டி.யும் வேற வேற உலகம். நம்ம ஊர்ல ரெண்டையும் ஒரே 'ஃபாரின் படிப்பு'ல போட்டுக் குழப்பிக்கிறோம். அந்தக் குழப்பத்துக்கு வீட்டுப் பத்திரம்தான் விலை.

சரி, இதுக்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. அதுக்கு ஒரு நூத்திச் சொச்சம் வருஷம் பின்னாடி போகணும்.

1902-ல வில்லியம் ஹெர்ட்மன்னு ஒரு புரொஃபசர் இங்கிலாந்துல லிவர்பூல்ல இருந்து கப்பலேறி மன்னார் வளைகுடாவுக்கு வந்தார். இலங்கைப் பக்கம் பல வருஷமா முத்துக்குளிப்பு பொய்த்துப் போச்சு, காரணம் கண்டுபிடிங்கன்னு அரசாங்கம் கூப்பிட்டிருந்தது. கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மன் திரும்பிப் போயிட்டார். ஹார்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1903-ல இருந்து 1906 வரைக்கும் அந்த அறிக்கையை ஐந்து பாகமா வெளியிட்டது. ஹார்னெல் அப்புறம் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து அதுக்கே டைரக்டர் ஆனார். நம்ம சங்கைப் பத்தி 1914-ல தனியா ஒரு ஆய்வு நூலே போட்டார்.

அதாவது, நம்ம கடல்ல ஆராய்ச்சி பண்ண அவங்க கப்பலேறி வந்தாங்க. சிப்பி எங்கே விளையும்னு தெரிஞ்சவங்க இங்கே குளியாளுங்க. பேர் வந்தது லிவர்பூல் புரொஃபசருக்கு. எனக்கு இதுல கொஞ்சம் கோபம் உண்டு. ஆனா இதைப் படிச்சப்ப இன்னொண்ணும் தோணுச்சு: இந்தக் கடல்தான் நம்ம பயோடேட்டாவோட முதல் வரி!

தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதோட கதை முடியலை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட விஞ்ஞானி அழகர்சாமி தலைமையில இங்கேதான், 1973-ல, இந்தியாவுலேயே முதல் தடவையா உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தாங்க. அதுவரைக்கும் அந்த வித்தையை ஜப்பான் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது. அங்கே மிகிமோட்டோ 1893-ல அரைவட்ட முத்தை வளர்த்துக் காட்டினவர். எண்பது வருஷம் கழிச்சு நம்ம பசங்க முழு உருண்டையைக் காட்டினாங்க.

இப்ப இந்த ஊரைச் சுத்தி எவ்வளவு ஆராய்ச்சி விஷயம் கொட்டிக் கிடக்குன்னு பாருங்க. 1986-ல அறிவிச்ச மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவோட 21 தீவுகள். அலை அரிச்சுச் சுருங்கிப்போன வான் தீவு. 2010-லயும் 2016-லயும் வெளிறிப் போன பவளப்பாறைகள். மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடற்பாசி, பவளத்து மேலேயே படர்ந்த கதை. உப்பளத்து உவர்நீர்ல வாழுற நுண்ணுயிர்கள். மெக்கானிக்கல், கெமிக்கல் ஆளுங்களுக்கு வ.உ.சி. துறைமுகத்தோட பசுமை ஹைட்ரஜன் திட்டம். சிவில்காரங்களுக்குத் தூண்டில் வளைவும் கடலரிப்பும். கம்ப்யூட்டர் சயின்ஸ்னா செயற்கைக்கோள் படத்துல தீவோட பரப்பை அளக்கலாம். இதுல எதையாவது கையில எடுத்துட்டு ஒரு புரொஃபசருக்கு மெயில் போடுறவங்களும், 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு யுனிவர்சிட்டி'ன்னு போடுறவங்களும் ஒண்ணா?

மீன்வளக் கல்லூரி 1977-ல இருந்து இங்கே இருக்கு. கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மையம் இருக்கு. பவளப்பாறையைப் பல வருஷமா கண்காணிக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. ஆறு மாச புராஜெக்ட்டை 'டைட்டில் டவுன்லோடு, ரிப்போர்ட் பைண்டிங்'னு முடிக்காம இந்த மாதிரி இடத்துல ஏதாச்சும் ஒரு கதவைத் தட்டுங்க. தெரேஸ்புரத்துல விடிகாலையில வல்லம் கரையேறும்போது நின்னு, எந்த மீன் எத்தனை கிலோன்னு மூணு மாசம் நோட்டுல குறிச்சா அதுவும் டேட்டாதான் பாஸ்.

சம்பளம் எங்கே கிடைக்கும்?

முதல்ல ஐரோப்பா. நெதர்லாந்துல பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். வழக்கமா நாலு வருஷ கான்ட்ராக்ட். ஜெர்மனியிலயும் ஸ்வீடன், நார்வே பக்கமும் நிறைய இடங்கள் இதே மாதிரி. 'அட்மிஷன் ஓபன்'னு விளம்பரம் வராது, 'வேக்கன்சி'ன்னு வரும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தோட வேலைவாய்ப்புப் பக்கத்துலயும், ஐரோப்பிய யூனியனோட யூராக்ஸஸ் தளத்துலயும் தேடணும். மேரி க்யூரி டாக்டரல் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு. எந்த நாட்டுக்காரரும் போடலாம். போகப்போற நாட்டுல கடைசி மூணு வருஷத்துல பன்னிரண்டு மாசத்துக்கு மேல நீங்க வாழ்ந்திருக்கக் கூடாதுங்கிறது முக்கிய ரூல். தூத்துக்குடியை விட்டே தாண்டாத நம்மளுக்கு இது ஒரு பிரச்னையா?

ஒரு 'ஆனா' இருக்கு. ஐரோப்பாவுல பிஎச்.டி.க்குப் பொதுவா மாஸ்டர்ஸ் கேட்பாங்க. பி.இ. முடிச்சதும் நேரா பிஎச்.டி. போற வழி அமெரிக்காவுல உண்டு. வகுப்பெடுத்தோ, லேப்ல வேலை பார்த்தோ சம்பளம், ஃபீஸ் தள்ளுபடி. ஆனா 2025-ல ஆராய்ச்சி மானியத்துல கை வெச்சதால அங்கே சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைச்சாங்க. அமெரிக்கா மட்டுமே உலகம்னு உட்கார்ந்திருந்தவங்களுக்கு அது பெரிய அடி. மூணு வருஷ பி.எஸ்சி. படிக்கிறவங்க இங்கேயே எம்.எஸ்சி.யை நல்லா முடிச்சிட்டுப் போறது புத்திசாலித்தனம்.

மாஸ்டர்ஸே வெளிநாட்டுலதான் வேணுமா? அப்ப எராஸ்மஸ் முண்டஸ். 2004-ல ஆரம்பிச்சது. ரெண்டு, மூணு நாடுகள்ல சுத்திச் சுத்திப் படிக்கலாம். ஃபீஸ் கிடையாது, மாசம் 1,400 யூரோ. விமான டிக்கெட், விசா, வீட்டு வாடகை எல்லாம் அதுக்குள்ளதான், பார்த்துக்கோங்க. கடல் உயிரியலுக்குன்னே பெல்ஜியத்துல கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிற கூட்டு மாஸ்டர்ஸ் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு கோர்ஸுக்கும் சில பேட்ச்சுக்குத்தான் நிதி ஒதுக்குவாங்க. அதனால 'சீனியருக்குக் கிடைச்சுது'ங்கிறதை நம்பாம, உங்க பேட்ச்சுக்கு ஸ்காலர்ஷிப் உண்டான்னு அந்த வருஷப் பட்டியல்ல பாருங்க.

ஜப்பானோட மெக்ஸ்ட் ஸ்காலர்ஷிப்புக்குத் தூதரகம் வழியா போடலாம். ஃபீஸ் இல்லை, போக வர டிக்கெட் உண்டு, மாசம் சுமார் 1.4 லட்சம் யென். முத்துக்காரங்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: மிகிமோட்டோ முத்து வளர்த்த மியே மாநிலத்துலேயே மியே பல்கலைக்கழகம் இருக்கு. ஆய்வு முன்மொழிவுல 'தூத்துக்குடி' வந்தா கண்டிப்பா ரெண்டாவது தடவை படிப்பாங்க!

துறைமுகத்துலயோ, கப்பல் கம்பெனியிலயோ அண்ணன், அக்கா யாராச்சும் வேலை பார்த்தா ஸ்வீடனோட மால்மோ நகரத்துல இருக்கிற உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தைச் சொல்லிவைங்க. ஐ.நா.வோட கடல்சார் அமைப்பு 1983-ல தொடங்கினது. அங்கே ஜப்பானிய சசகாவா ஃபெலோஷிப் மாதிரி உதவிகள் உண்டு. அனுபவம் உள்ளவங்களுக்கான இடம் அது. நம்ம வயசுக்குக் கொஞ்சம் காத்திருக்கணும். பிரிட்டனோட செவனிங்கும் அப்படித்தான், ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்பாங்க.

நம்ம அரசாங்கம்?

மத்திய சமூக நீதித் துறையோட தேசிய அயல்நாட்டு உதவித்தொகை வருஷத்துக்கு 125 பேருக்கு. எஸ்.சி., சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, மார்க் 60 சதவிகிதம், வயசு 35-க்குள்ள. தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துல வருஷத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரைக்கும் கிடைக்குது. ஆதிதிராவிடர், பழங்குடியினரோட, கிறிஸ்தவத்துக்கு மாறின ஆதிதிராவிடர் பிள்ளைகளும் இதுக்குப் போடலாம். நம்ம கடற்கரையில இது எத்தனை வீட்டுக்குப் பொருந்தும்னு யோசிங்க. ஆனா எத்தனை காலேஜ் நோட்டீஸ் போர்டுல இதைப் பார்த்திருக்கீங்க?

இன்னொரு எச்சரிக்கை. சிறுபான்மையினருக்கு வெளிநாட்டுக் கல்விக்கடன் வட்டியைக் கட்டின 'படோ பர்தேஷ்' திட்டத்தை மத்திய அரசு 2022-23-லயே நிறுத்திட்டது. இன்னமும் சில கையேட்டுலயும், சில 'கன்சல்டன்ட்' அண்ணன்கள் வாயிலயும் அது உயிரோட இருக்கு. "வட்டி அரசாங்கம் கட்டிடும் தம்பி, கையெழுத்துப் போடு"ன்னா எழுந்து வெளியே வந்துடுங்க.

கன்சல்டன்சி பத்தி பச்சையா சொல்லிடுறேன். நிறைய ஏஜென்ட்டுகளுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருது. உங்க ஃபீஸ்ல இருந்துதான் அந்த கமிஷன். சம்பளத்தோட வர்ற பிஎச்.டி.யில ஃபீஸும் இல்லை, கமிஷனும் இல்லை. அப்புறம் அவங்க ஏன் அதைப் பத்திப் பேசப்போறாங்க? ஏழரை லட்சத்துக்கு மேல கல்விக்கடன்னா பேங்க்ல வழக்கமா சொத்து அடமானம் கேட்பாங்க. அப்பா பேர்ல இருக்கிற ஒரே வீடு. இல்லேன்னா வல்லத்தை வித்த காசு. சம்பந்தமே இல்லாத ஒரு கோர்ஸுக்கு அதை வெச்சுட்டு, அங்கே போய் ராத்திரி வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்குறவங்களும் நம்ம பசங்கதான். கடன் வாங்கவே கூடாதுன்னு சொல்லலை. சும்மா கிடைக்கிற கதவைத் தட்டிப் பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.

ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல ஃபீஸ் இல்லைங்கிறது உண்மை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல மட்டும் 2017-ல இருந்து வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல வசூலிக்க ஆரம்பிச்சுடுச்சு. ஃபீஸ் இல்லாட்டியும் முதல் வருஷச் செலவுக்கு முடக்கு கணக்குல பணம் காட்டணும். 2024 செப்டம்பர்ல அது 11,904 யூரோ ஆச்சு. நம்ம சர்ட்டிஃபிகேட்டைச் சரிபார்க்கிற ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பர்ல இருந்து கட்டாயம். சம்பள கான்ட்ராக்ட்டோ, ஸ்காலர்ஷிப்போ கையில இருந்தா முடக்கு கணக்குத் தலைவலி பெரும்பாலும் போயிடும்.

மெயில் எப்படிப் போடணும்?

நூறு புரொஃபசருக்கு ஒரே மெயில் போடாதீங்க, அது குப்பைக்கூடைக்கு. பத்து பேரைத் தேர்ந்தெடுங்க. அவங்களோட சமீபத்திய கட்டுரை ஒண்ணை முழுசா படிங்க. புரியாத இடத்துல ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விதான் உங்க மெயிலோட நடுப்பகுதி. நீங்க யாரு, எதை அளந்தீங்க, எதைக் கட்டினீங்கன்னு நாலு வரி. ரெண்டு பக்க பயோடேட்டா. 'ரெஸ்பெக்டட் சார்'னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவங்க மேடமான்னும் பார்த்துக்கோங்க!

பதில் வராது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. அதுக்கப்புறமும் வரலைன்னா அடுத்த ஆள்.

சிபாரிசுக் கடிதம்தான் பெரிய கூத்து. "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்"னு சொல்ற சார்கள் எல்லா காலேஜுலயும் உண்டு. மூணு பேருக்கும் நீங்களே எழுதினா மூணுமே ஒரே நடையில இருக்கும், படிக்கிறவங்களுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுடும். உங்க லேப் வேலையை நேர்ல பார்த்த சார்கிட்ட, நீங்க செஞ்சதைப் பாயின்ட் பாயின்ட்டா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து, 'நீங்களே எழுதுங்க சார்'னு கெஞ்சுங்க. ஒரு மாசம் முன்னாடியே கெஞ்சுங்க.

ஏன்னா நம்ம காலண்டரும் அவங்க காலண்டரும் ஒத்துப்போகாது. நம்மாளுங்க மே மாசம் ரிசல்ட் வந்தப்புறம்தான் யோசிக்க ஆரம்பிப்பாங்க. எராஸ்மஸ் முண்டஸுக்கு வழக்கமா அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள கதவு மூடிடும். அமெரிக்க பிஎச்.டி.க்கு டிசம்பர் வாக்கில. ஃபைனல் இயர் ஆரம்பிக்கிற ஜூலையிலேயே பாஸ்போர்ட் கையில இருக்கணும், செப்டம்பருக்குள்ள ஐ.இ.எல்.டி.எஸ். முடிச்சிருக்கணும். டிரான்ஸ்கிரிப்ட் வாங்க யுனிவர்சிட்டி கவுன்டர்ல எத்தனை தடவை 'நாளைக்கு வாங்க' கேட்கணுமோ, அதுக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்க.

அடுத்த வாரம்: பிஎச்.டி. இன்டர்வியூவில என்னென்ன கேட்பாங்க? இன்டர்வியூ முடிச்சவங்க எழுதி அனுப்புங்க மக்கா. நல்லா இருக்கிற அனுபவத்துக்குத் தூத்துக்குடி மக்ரூன் கால் கிலோ, என் செலவுல!